மஞ்சள் நோட்டீஸ் வந்துவிட்டதா? முதலில் கோர்ட் பதிவைப் பாருங்கள்

கடன் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர் வீட்டுக்கு ஒருநாள் பதிவுத் தபாலில் ஒரு வக்கீல் நோட்டீஸ் வரும். "எனது கட்சிக்காரர் தொழிலில் நஷ்டமடைந்து, கடன்களைத் திருப்பிச் செலுத்த இயலாத நிலையில் உள்ளார்" என்று அதில் எழுதியிருக்கும். எங்கள் கொங்குப் பக்கத்தில் மஞ்சள் நோட்டீஸ் என்று சொல்வது இதைத்தான். மஞ்சள் தாளில்தான் அனுப்ப வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் அதைப் பார்த்ததும், "ஐ.பி. குடுத்துட்டான், இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்று புரோநோட்டை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறவர்கள் ஏராளம். ஐ.பி. என்பது, கடனைக் கட்ட முடியவில்லை, என்னை நொடித்தவர் என்று அறிவியுங்கள் என்று கோர்ட்டில் போடும் நொடிப்பு மனு. புரோநோட்டுக்கு வழக்குப் போட 3 வருடம்தான் கெடு. அந்தக் கெடு முடிந்த பிறகு அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் என்ன சொல்வது? வேதனையாகத்தான் இருக்கிறது.

ஒருவரை நொடித்தவர் என்று அறிவிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. சென்னை நகருக்கு வெளியே இன்றும் நடைமுறையில் இருப்பது 1920-ஆம் வருடத்து மாகாண நொடிப்புச் சட்டம். அதன் 6-ஆம் பிரிவைப் படித்தால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். "கடனைத் தருவதை நிறுத்திவிட்டேன், நிறுத்தப்போகிறேன்" என்று கடன் கொடுத்தவருக்கு நோட்டீஸ் அனுப்புவதையே அந்தப் பிரிவு ஒரு நொடிப்புச் செயலாகக் கணக்கில் எடுக்கிறது. கடன் கொடுத்தவர்களுக்குப் பிடிகொடுக்காமல் இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போவதும், அவர்களை ஏமாற்றச் சொத்தை மச்சான் பேருக்கு மாற்றுவதும் அதே பட்டியலில் வருகின்றன. இப்படி ஒரு செயல் நடந்த 3 மாதத்துக்குள், 500 ரூபாய்க்குக் குறையாமல் பாக்கி வர வேண்டிய யாரும் தாமாகவே அவர்மீது நொடிப்பு மனு போடலாம். கடன் வாங்கியவரின் கேடயம் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கும் அந்தத் தாள், உண்மையில் கடன் கொடுத்தவருக்கு ஒரு வழியைத் திறந்துவிடுகிறது.

சரி, அவர் மனு போட்டிருக்கிறாரா, நோட்டீஸோடு நிறுத்திக்கொண்டாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் நோட்டீஸிலேயே ஐ.பி. நம்பரும் வருடமும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் தேடலாம். யாரும் பார்க்கலாம், கட்டணம் கிடையாது. மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, பெயரையும் வருடத்தையும் கொடுக்க வேண்டும். நம் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவதால் முழுப் பெயரைப் போட்டுத் தேடினால் தவறிப்போகும். முதல் நாலைந்து எழுத்துகளை மட்டும் போடுங்கள். முடிந்த வழக்கு, நடக்கும் வழக்கு இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒருவர் குடியிருக்கும் ஊரிலும் மனு போடலாம், தொழில் செய்யும் ஊரிலும் போடலாம். வீடு கோபியில், கடை ஈரோட்டில் என்றால் இரண்டு ஊர்க் கோர்ட்டுகளையும் பார்த்தால்தான் தேடி முடித்ததாகும். தமிழ்நாட்டு மாவட்டங்களில் இந்த மனுக்கள் பெரும்பாலும் சப் கோர்ட்டில் இருக்கும். சென்னை நகரம் என்றால் சட்டமே வேறு. அங்கே 1909-ஆம் வருடச் சட்டத்தின்கீழ் உயர் நீதிமன்றம் விசாரிக்கும், சொத்துகளை அபிஷியல் அசைனி என்ற அதிகாரி கவனிப்பார்.

நொடித்தவர் என்று உத்தரவானால், அவர் பெயர், முகவரி, உத்தரவு தேதி, எந்தக் கோர்ட் என்ற விவரங்களை அரசிதழில் வெளியிட வேண்டும் என்று 1920-ஆம் வருடச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே தமிழ்நாடு அரசிதழும் ஒரு பொதுப் பதிவுதான். மனுவையும் கடன் பட்டியலையும் முழுதாகப் படிக்க வேண்டுமென்றால், கோர்ட்டில் நகல் மனு போட்டு வாங்க வேண்டும். அந்த வழக்கில் தரப்பினர் அல்லாதவர் காரணம் சொல்லி அபிடவிட் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.

நிலம் வாங்குகிறவர்களுக்கும் இது வேண்டும். வில்லங்கச் சான்றை மட்டும் நம்பி முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். உத்தரவானதும் நொடித்தவரின் சொத்து கோர்ட்டின் அல்லது கோர்ட் நியமிக்கும் ரிசீவரின் வசம் போய்விடும். மனு போட்ட நாளிலிருந்தே அந்த உத்தரவு செல்லும். இந்தச் சொத்து மாற்றம் சட்டத்தால் தானாக நடப்பது, பத்திரப் பதிவு தேவையில்லை. அதனால் வில்லங்கச் சான்றில் அது தெரியாமலே போகலாம். உத்தரவுக்கு முன், மனு நிலுவையில் இருப்பது தெரியாமல் நியாயமான விலை கொடுத்து வாங்கியவருக்கு 55-ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது. அதற்காக வருடக்கணக்கில் கோர்ட்டில் நிற்பதைவிட, வாங்குவதற்கு முன் விற்பவர் பெயரை ஒருதரம் இ-கோர்ட்ஸில் தேடுவது மேல்.

மனு இருப்பது உறுதியானால், கடன் கொடுத்தவர் சும்மா இருக்கக் கூடாது. உத்தரவுக்குப் பிறகு உங்கள் கடனை ஒரு அபிடவிட் மூலம் நிரூபிக்க வேண்டும். அதைப் பதிவுத் தபாலில்கூட கோர்ட்டுக்கு அனுப்பலாம். அப்போதுதான் பட்டியலில் உங்கள் பெயர் ஏறும், சொத்து விற்ற பணத்தில் பங்கு வரும். மனுவுக்கு முந்தைய 2 வருடத்துக்குள் மனைவி பேருக்கோ மகன் பேருக்கோ தானமாக எழுதிக்கொடுத்த பத்திரம் இருந்தால் ரிசீவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். கோர்ட் அதை ரத்து செய்ய முடியும். மனுவே இல்லை என்று தெரிந்தால் வழக்கம்போல சிவில் வழக்குப் போடுங்கள். அந்த நோட்டீஸ் எதையும் தடுக்காது.

இனி கடனில் சிக்கியவர்களுக்கு. நொடிப்பு மனு போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நேர்மையாக நொடித்துப்போனவரைச் சிறையில் அடைத்து யாருக்கும் பயனில்லை என்பதால் வந்த சட்டம் இது. பணம் கட்டச் சொன்ன டிக்ரிக்காக ஒருவரைக் கைது செய்து கொண்டுவந்தால், "நீங்கள் நொடிப்பு மனு போடலாம்" என்று கோர்ட்டே அவரிடம் சொல்ல வேண்டும் என்று சிவில் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. மனுவில் எல்லாக் கடனையும் எழுதுங்கள். கைமாத்து, சீட்டுப் பாக்கி, நகைக் கடன், மாமனார் கொடுத்தது, எதையும் விடாதீர்கள். சொத்தும் அப்படியே. மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை. சமையல் பாத்திரம், உடுதுணி, கைத்தொழில் கருவி, விவசாயியும் கூலித் தொழிலாளியும் குடியிருக்கும் சொந்த வீடு, பெண்கள் மத வழக்கப்படி கழற்றக் கூடாத நகை ஆகியவற்றைச் சட்டம் தொடாது. தாலியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று கேட்டு அழுத பெண்களிடம் இந்த வரியைப் படித்துக் காட்டியிருக்கிறேன்.

ஆனால் ஐ.பி. எல்லாவற்றையும் துடைத்துவிடாது. அடமானம் வைத்த சொத்தின் மேல் பேங்குக்கு உள்ள உரிமை அப்படியே நிற்கும். ஜாமீன் போட்டவர் தப்ப மாட்டார், அவர் உங்கள் தங்கை கணவராக இருந்தாலும் சரி. செக் பவுன்ஸ் கிரிமினல் வழக்கு இதனால் நின்றுவிடாது, தொடர்ந்து நடக்கும். அரசுக்குக் கட்ட வேண்டியதும், மோசடி செய்து வாங்கிய கடனும், ஜீவனாம்சமும், கடன்களிலிருந்து கோர்ட் தரும் விடுதலைக்குப் பிறகும் தொடரும். வீட்டு வாசலில் ஆள் நிறுத்தி மிரட்டுகிற கந்துவட்டிக்காரரை இந்த மனு ஒன்றும் செய்யாது. அதற்கு 2003-இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் தனியாக இருக்கிறது, போலீஸில் புகார் கொடுங்கள்.

"2016-இல் நொடிப்பு மற்றும் திவால் சட்டம் என்று புதுச் சட்டம் வந்ததே?" என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். வந்தது. ஆனால் அதில் தனிநபர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. மற்றவர்களுக்குப் பழைய சட்டங்கள்தான். உங்களுக்குப் பாக்கி வைத்திருப்பது லிமிடெட் கம்பெனி என்றால் சப் கோர்ட்டில் தேடாதீர்கள். சென்னையில் உள்ள தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் உத்தரவுகளையும், இந்திய நொடிப்பு மற்றும் திவால் வாரியத்தின் இணையதளத்தில் வரும் பொது அறிவிப்புகளையும் பாருங்கள். சம்பளப் பாக்கியோ நூல் பாக்கியோ இருப்பவர் அந்த அறிவிப்பில் உள்ள கடைசித் தேதிக்குள் உரிமைகோரல் படிவம் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, மனு போட்டவர்கள் மறந்துவிடுகிற ஒரு தேதி உண்டு. நொடித்தவர் என்று அறிவிக்கும் உத்தரவிலேயே, விடுதலை மனு எத்தனை நாளுக்குள் போட வேண்டும் என்று கோர்ட் குறித்திருக்கும். அதைத் தவறவிட்டால் அறிவிப்பே ரத்தாகலாம், கடன் கொடுத்தவர்கள் மறுபடி வருவார்கள். விடுதலை மனு போட்டால் உங்கள் நடத்தையை கோர்ட் அலசும். ரூபாய்க்கு எட்டணாவாவது சொத்தில் தேறியதா, தேறாததற்கு உங்கள் தவறு காரணமா, கணக்குப் புத்தகம் ஒழுங்காக இருந்ததா என்றெல்லாம் பார்க்கும். விடுதலை கிடைக்கும் வரை உள்ளாட்சித் தேர்தலுக்கோ சட்டமன்றத்துக்கோ நிற்க முடியாது. தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினாலும் 6 மாதம் வரை சிறை உண்டு. உத்தரவு நகலை வாங்கிய அன்றே அந்த நாளைக் காலண்டரில் குறித்து, வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவசமாக வக்கீல் தருவார்கள்.