நுட்பக் கடன்: ஒரு சொல் விளக்கம்

ஒரு மென்பொருளை விரைந்து வெளியிடுவதற்காக, ‘இப்போதைக்கு இது போதும்’ என்று விட்டுவைக்கப்படும் வடிவமைப்புக் குறைகளையும், அவற்றால் பிற்பாடு கூடிக்கொண்டே போகும் உழைப்பையும் சேர்த்துக் குறிக்கும் சொல் ‘டெக்னிக்கல் டெட்’ (technical debt); ‘டெட்’ என்றால் கடன். குறையைச் சீராக்கத் தேவைப்படும் உழைப்பு அசல். சீராக்காமல் வைத்திருக்கும் வரை, அந்தப் பகுதியைத் தொடும் ஒவ்வொரு வேலையிலும் கூடுதலாகச் செலவாகும் நேரம் வட்டி.

இந்த உவமையைத் துறைக்குத் தந்தவர் அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்காம். 1995இல் முதல் விக்கித் தளத்தை உருவாக்கியவரும், மென்பொருளைச் சிறு சிறு பகுதிகளாக முடித்துக் காட்டி வளர்க்கும் அஜைல் முறைக்கான 2001ஆம் ஆண்டுக் கொள்கை அறிக்கையில் கையொப்பமிட்ட 17 பேரில் ஒருவரும் இவரே. வைகேஷ் என்ற முதலீட்டு மேலாண்மை மென்பொருளை உருவாக்கிய அனுபவம் குறித்து 1992ஆம் ஆண்டு ஊப்ஸ்லா (OOPSLA) என்ற நிரலாக்க மாநாட்டுக்கு அவர் அளித்த சிறிய அறிக்கையில், முதன்முறை எழுதிய நிரலை அப்படியே வெளியிடுவது கடன்படுவதற்கு ஒப்பானது என்றும், உடனுக்குடன் திருத்தி எழுதி அடைத்துவிட்டால் சிறிய கடன் வேலையை விரைவுபடுத்தும் என்றும், அடைக்காமல் விட்டால் சரிவர அமையாத நிரலில் செலவழியும் ஒவ்வொரு நிமிடமும் வட்டியாகும் என்றும் எழுதினார். நிதித்துறைக்கான மென்பொருளாக இருந்தமையால், ஓடிக்கொண்டிருக்கும் நிரலை ஏன் பிரித்துத் திரும்ப எழுத வேண்டும் என்பதை மேலாளருக்குக் கணக்குவழக்கின் மொழியிலேயே விளக்கியதுதான் இவ்வுவமையின் பிறப்பு. அறிக்கையில் வெறும் ‘கடன்’ என்றே இருக்கிறது. ‘டெக்னிக்கல்’ என்ற அடைமொழி பின்னர் ஒட்டிக்கொண்டது.

அடைமொழி சேர்ந்தபோது பொருளும் நெகிழ்ந்துவிட்டது. அரைகுறையாக எழுதித் தள்ளுவதற்கான அனுமதியாகப் பலர் இதைக் கொண்டனர். நிரலை மோசமாக எழுதலாம் என்று தாம் ஒருபோதும் சொன்னதில்லை என்று கன்னிங்காமே 2009இல் விளக்க வேண்டியதாயிற்று. அவர் கருத்தில், அன்றைக்கு உள்ள புரிதலைத் தெளிவாகச் சொல்லும் நிரலே எப்போதும் எழுதப்பட வேண்டும். புரிதல் வளர, நிரல் பழைய இடத்திலேயே நிற்க, இரண்டுக்கும் இடையில் விழும் இடைவெளியே கடன். எல்லாத் தொகையும் டாலரில்தான் இருக்கும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட மென்பொருளுக்குப் பிற நாணயங்களும் தேவைப்படும்போது, ஒவ்வொரு கணக்கீட்டிலும் ஒரு விதிவிலக்கைச் செருகிக்கொண்டே போனால் வட்டி ஏறும். தொகை என்ற கருத்தையே நாணயத்தோடு சேர்த்துத் திருத்தி அமைத்தால் அசல் அடையும். முதலில் டாலருக்கு மட்டும் எழுதியது தவறன்று. அதே 2009இல் மென்பொருள் வடிவமைப்பு பற்றி எழுதும் நிரலாளர் மார்ட்டின் ஃபௌலர், கடன் தெரிந்து பட்டதா தெரியாமல் பட்டதா, விவேகமாகப் பட்டதா பொறுப்பின்றிப் பட்டதா என்று பார்த்து அதை நான்கு வகைகளாகப் பகுத்தார். வேலை முடிந்த பின்னரே ‘இப்படி அமைத்திருக்க வேண்டும்’ என்று விளங்கும் வகையும் அதில் உண்டு; நல்ல குழுக்களுக்கும் தப்ப முடியாத கடன் அது.

சில வாரங்களுக்கு ஒருமுறை ஏதேனும் ஒன்றை முடித்துக் காட்டும் அஜைல் முறையில் கடன்படும் வாய்ப்பும் அடிக்கடி வரும், அடைக்கும் வாய்ப்பும் அடிக்கடி வரும். ஆகவே கடனை நிரலாளர்களின் முணுமுணுப்பாக விட்டுவிடாமல், புதிய வசதிகளோடு ஒரே பேக்லாக்கில் (செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலில்), இதனால் எந்த வேலை எவ்வளவு தாமதமாகிறது என்ற குறிப்போடு எழுதிவைப்பது பயன் தரும். எல்லாக் கடனையும் அடைக்க வேண்டியதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்: எவரும் தொடாத மூலையில் கிடக்கும் அசிங்கமான நிரலுக்கு வட்டி ஏறக்குறைய இல்லை, வாரந்தோறும் மாறும் பகுதியில் உள்ள சிறு குறைக்கோ வட்டி அதிகம். நிரலின் தரத்தை ஆராயும் சோனார்க்யூப் போன்ற கருவிகள் கடனை நிமிடங்களாகவும் நாள்களாகவும் கணக்கிட்டுக் காட்டினாலும், அவை மதிப்பிடுவது திருத்துவதற்கு ஆகும் நேரத்தை, அதாவது அசலை மட்டுமே. அந்த எண்ணைக் குறைப்பதையே இலக்காகக் கொள்ளும் குழு, அடைக்கத் தேவையில்லாத கடனை முதலில் அடைத்துக்கொண்டிருக்கும். ‘கடன் தீர்க்கும் ஸ்பிரிண்ட்’ என்று அஜைல் முறையின் சில வார வேலைச் சுற்றுகளில் ஒன்றைத் தனியே ஒதுக்குவதிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. நெருக்கடி வந்தால் முதலில் தள்ளிப்போவது அதுதான். ஒரு பகுதியில் வேலை செய்யும்போதே அதைச் சீராக்குவதும், வேலை முடிந்ததற்கான வரையறையில் சோதனைகளையும் சேர்ப்பதும் நிலைத்து நிற்கும் வழிகள்.

இனி, தமிழ்ச் சொல். ‘தொழில்நுட்பக் கடன்’ என்ற நேர் மொழிபெயர்ப்பில் ஓர் இடர்ப்பாடு உள்ளது. வீட்டுக்கடன், பயிர்க்கடன், கல்விக்கடன் என்ற வரிசையில் அதைப் படிப்பவர், தொழில்நுட்பம் வாங்க வங்கி தரும் கடன் என்றே எடுத்துக்கொள்வார். ‘நிரற்கடன்’ சுருக்கமானது, ஆனால் எழுதாமல் விட்ட சோதனைகளும் ஆவணங்களும் அதில் அடங்கா. ‘நுட்பக் கடன்’ என்பதே பொருத்தமாகப் படுகிறது. ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே’ என்னும் புறநானூற்று அடியில் கடன் என்பது கடமை. இன்றைய நன்றிக்கடன், நேர்த்திக்கடன் ஆகியவற்றிலும் கைமாறிய பணம் ஏதுமின்றியே செலுத்தியாக வேண்டிய ஒன்று நிற்கிறது. நுட்பக் கடன் இந்த வரிசையில் இயல்பாக அமர்கிறது. துணைச்சொற்களுக்கு அசல், வட்டி, கடன் அடைத்தல் ஆகியவையே போதும். பயனர் கண்ணில் படும் கோளாற்றை மட்டும் நுட்பக் கடன் என்னாமல் பிழை என்றே குறிப்பிட வேண்டும். கடன் உள்ள மென்பொருள் வெளிப்பார்வைக்குப் பிழையின்றி ஓடிக்கொண்டிருக்கக்கூடும்.