சாக்கர்னா என்ன? கால்பந்து, காற்பந்து, உதைபந்து, இதுல எது சரி?

சனிக்கிழமை ராத்திரி இங்கிலாந்து லீக் மேட்ச் ஒண்ணு, ஞாயித்துக்கிழமை காலைல கண்ண கசக்கிட்டே எழுந்து அமெரிக்கா லீக்ல இன்டர் மியாமி மேட்ச் ஒண்ணு, இப்படித்தான் என் வாரக் கடைசி போகும், பக்கத்துல அக்கா பொண்ணு உக்காந்திருப்பா. போன வாரம் திடீர்னு கேட்டா, "சித்தி, நேத்து பாத்தது ஃபுட்பால், இன்னைக்கு இவங்க சாக்கர்னு சொல்றாங்களே, இதுக்கு ரூல் வேறயா?" அப்படின்னு. ரூல் எல்லாம் ஒண்ணுதான்டி, அதே பதினோரு பேர், அதே தொண்ணூறு நிமிஷம், அதே 17 விதிதான்னு சொன்னேன். "அப்ப எதுக்கு ரெண்டு பேரு?"ன்னா.

நல்ல கேள்வி. மேட்சை நிறுத்திட்டு மியாமி டீம் சட்டையில இருக்குற சின்னத்த காட்டினேன். ரெண்டு வெள்ளைக் கொக்கு நிக்கும், கால் ரெண்டும் பின்னி இங்கிலீஷ் எம் எழுத்து மாதிரி இருக்கும், சுத்தி டீமோட முழுப் பேர் ஸ்பானிஷ்ல போட்டிருக்கும், அதுல ஃபுட்போல்னு ஒரு வார்த்தை. ஆடுற லீக் பேரு மேஜர் லீக் சாக்கர். அதாவது லீக் பேர்ல சாக்கர், அதே லீக்ல ஆடுற டீம் சட்டையில ஃபுட்பால். சியாட்டில் சவுண்டர்ஸ் எஃப்.சி, லாஸ் ஏஞ்சலஸ் எஃப்.சி, எல்லாத்துலயும் எஃப்னா ஃபுட்பால்தான். அங்கயே நாஷ்வில் எஸ்.சி-ன்னு ஒரு டீம் இருக்கு, அதுல எஸ்னா சாக்கர். ஆனா ஜெர்மனில எஸ்.சி ஃப்ரைபுர்க்னு வந்தா அது சாக்கர் இல்ல, ஸ்போர்ட் கிளப். இதெல்லாம் பாத்து குழம்பாத ஆளே இருக்க முடியாது.

சரி, பொருளை முதல்ல சொல்லிடுறேன். சாக்கர்னா நமக்குத் தெரிஞ்ச அதே கால்பந்துதான், தனி விளையாட்டு கிடையாது. பந்து களத்துக்குள்ள ஓடுறப்ப கோல்கீப்பர தவிர யாரும் கையால தொடாம ஆடுற ஆட்டம். இது அமெரிக்காக்காரன் உண்டாக்கின வார்த்தைன்னு நிறைய பேர் நம்புறாங்க, இங்கிலீஷ் டீம் ரசிகர்கள் அந்த வார்த்தையக் கேட்டாலே கோவப்படுவாங்க, ஆனா அது பொறந்ததே இங்கிலாந்துலதான்.

19-ம் நூற்றாண்டு நடுவுல இங்கிலாந்துல ஒவ்வொரு ஸ்கூலும் ஒவ்வொரு விதமா ஃபுட்பால் ஆடிட்டு இருந்தாங்க. ஒரு இடத்துல பந்த கையில எடுத்துட்டு ஓடலாம், இன்னொரு இடத்துல கூடாது, ஒரு இடத்துல எதிராளியோட முழங்காலுக்குக் கீழ எலும்புலயே உதைக்கலாம், அது ரூலுக்குள்ள வர்ற விஷயம். இத ஒழுங்கு பண்ணத்தான் 1863 அக்டோபர் 26-ம் தேதி லண்டன்ல ஃப்ரீமேசன்ஸ் டேவர்ன்ங்கிற விடுதியில கிளப் ஆளுங்க கூடி ஃபுட்பால் அசோசியேஷன்னு ஒரு அமைப்ப ஆரம்பிச்சாங்க. டிசம்பர் வரைக்கும் கூட்டம் மேல கூட்டம் போட்டு விதி எழுதினாங்க. பந்தோட ஓடுறது, ஆள உதைக்கிறது ரெண்டையும் எடுக்கணும்னு வந்தப்ப பிளாக்ஹீத்ங்கிற கிளப் ஒத்துக்காம வெளிய போச்சு, அப்புறம் 1871-ல ரக்பி யூனியன் உருவானப்ப அதுல சேர்ந்துக்கிட்டாங்க. ஆக ரெண்டு ஆட்டமும் ஃபுட்பால்தான், ஒண்ணு ரக்பி ஃபுட்பால், இன்னொண்ணு அசோசியேஷன் ஃபுட்பால், அதாவது அந்த அசோசியேஷன் எழுதின விதிப்படி ஆடுற ஃபுட்பால்.

இவ்ளோ நீளப் பேர யார் வாய் வலிக்கச் சொல்லுவா? அந்தக் காலத்து ஆக்ஸ்ஃபோர்ட் மாணவர்கள்கிட்ட ஒரு பழக்கம் இருந்துச்சு, எந்த வார்த்தையா இருந்தாலும் பாதிய வெட்டிட்டு கடைசியில "அர்" சேத்துடுவாங்க. ரக்பி அவங்க வாயில ரக்கர் ஆச்சு, ஃபுட்பால் ஃபுட்டர் ஆச்சு, பிரெக்ஃபாஸ்ட் கூட பிரெக்கர் ஆச்சு. அதே மாதிரி அசோசியேஷன்ல எஸ்-ஓ-சிங்கிற நடுத்துண்ட மட்டும் உருவி எடுத்து, வாயால சொல்றப்ப வர்ற "சோசி"ய விட்டுட்டு எழுத்துப்படி "சாக்"னு படிச்சு, அதோட அர் சேத்து சாக்கர்னாங்க. சார்லஸ் ரெஃபோர்ட் பிரவுன்ங்கிற ஆட்டக்காரர்கிட்ட ஒருத்தர் ரக்கர் ஆட வர்றியான்னு கேட்டதுக்கு இல்ல சாக்கர் ஆடப் போறேன்னு அவர் பதில் சொன்னதுலதான் இந்த வார்த்தை பொறந்துச்சுன்னு ஒரு கதை உண்டு, அத கதையா மட்டும் கேட்டுக்கலாம். 1880-கள், 1890-கள்ல இந்தச் சொல் அச்சுல வர ஆரம்பிச்சிடுச்சு.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் ஃபிஃபா. 1904-ல பாரிஸ்ல ஆரம்பிச்ச அமைப்பு, பேர்ல கடைசியில வர்ற "ஏ" அசோசியேஷன். எல்லாரும் அத சங்கம்னு நினைச்சுக்கிறோம், ஆனா சங்கம்ங்கிறதுக்குத்தான் முன்னாடியே ஃபெடரேஷன்னு ஒண்ணு போட்டாச்சே! பிரெஞ்சுல "ஃபுட்பால் அசோசியேஷன்"ங்கிறது ஆட்டத்தோட பேரு. அசோசியேஷன் ஃபுட்பாலோட உலகக் கூட்டமைப்பு, அதான் அர்த்தம். சாக்கர்ங்கிற சொல் எந்த வேர்ல இருந்து முளைச்சுதோ அதே வேர் ஃபிஃபா பேருக்குள்ளயே உக்காந்திருக்கு. சாக்கர்னு சொல்லாதன்னு சண்டை போடுற ஒவ்வொருத்தரும் ஃபிஃபான்னு சொல்றப்ப அதையும் சேத்துத்தான் சொல்றாங்க. பழைய இங்கிலீஷ் கிளப் பேர்கள்ல, சண்டர்லாண்ட் ஏ.எஃப்.சி மாதிரி, அந்த முதல் ஏ-யும் இதே அசோசியேஷன்தான். நெதர்லாந்து அயாக்ஸுக்கும் ஏ.எஃப்.சி-ன்னு வரும், அது மட்டும் ஆம்ஸ்டர்டாம்.

அப்ப இங்கிலாந்துக்காரங்க எப்ப இத வெறுக்க ஆரம்பிச்சாங்க? 1960, 70-கள் வரைக்கும் அங்க பத்திரிகையில ரெண்டு சொல்லும் கலந்துதான் வரும். 1960-ல அங்க ஆரம்பிச்ச ஒரு பெரிய கால்பந்து மாத இதழோட பேரே வேர்ல்ட் சாக்கர். மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டெஃபான் சிமான்ஸ்கி இத ஆராய்ஞ்சு 2014-ல எழுதினாரு, 1980-க்கு அப்புறம்தான் பிரிட்டன்ல சாக்கர்ங்கிற சொல் குறைஞ்சுதுன்னும், அது அமெரிக்கச் சொல்லா தெரிய ஆரம்பிச்சதுதான் காரணம்னும். நினைச்சுப் பாத்தா சரியாத்தான் வருது. 1975-ல பீலே நியூயார்க் காஸ்மாஸ் டீமுக்குப் போறாரு, ரெண்டு வருஷத்துல ஜெர்மனி ஆட்டக்காரர் பெக்கன்பவர் போறாரு, அவங்க ஆடின நார்த் அமெரிக்கன் சாக்கர் லீக் உலகம் பூரா பேச்சாச்சு, 1984 சீசனோட மூடியும் போச்சு. லீக் போயிடுச்சு, வார்த்தைமேல ஒட்டின முத்திரை மட்டும் போகல.

அமெரிக்காலயும் ஆரம்பத்துல சாக்கர் இல்ல. 1913-ல அவங்க அமைப்பு பேரு ஃபுட்பால் அசோசியேஷன், 1945-ல சாக்கர் ஃபுட்பால் அசோசியேஷன்னு ரெண்டையும் சேத்து வச்சாங்க, 1974-லதான் ஃபுட்பால எடுத்துட்டு சாக்கர் ஃபெடரேஷன்னு ஆச்சு. எங்கெல்லாம் வேற ஒரு ஃபுட்பாலோ ரக்பியோ பெருசா இருக்கோ அங்கெல்லாம் சாக்கர் நிக்குது, அமெரிக்கா, கனடா, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா எல்லாம் அப்படித்தான். ஆஸ்திரேலியாவுல 2005-ல அமைப்பு பேர ஃபுட்பால்னு மாத்தினாங்க, ஆனா தேசிய டீமோட செல்லப்பேர் இன்னைக்கும் சாக்கரூஸ்.

சரி, இப்ப தமிழுக்கு வர்றேன், இதுக்காகத்தான் இவ்ளோ எழுதினேன்.

உலகத்துல இந்த ஆட்டத்துக்குப் பேர் வச்சவங்க ரெண்டு வழியில போயிருக்காங்க. ஒண்ணு, கால்+பந்து. சீனாவுல ட்சுச்சியூன்னா கால்பந்து, ஜெர்மன்ல ஃபூஸ்பால் அதே அர்த்தம். இன்னொண்ணு உதைய வச்சு. கொரியாவுல சுக்குன்னா உதை+பந்து, ஜப்பான்லயும் அதே எழுத்துகளோட ஷூக்யூன்னு சொல்லிட்டு இருந்தாங்க, 1974-ல அவங்க அமைப்பு பேர்ல அத எடுத்துட்டு சாக்கர்னு மாத்திட்டாங்க. மலாய்ல போலா செப்பாக், செப்பாக்னா உதை. இத்தாலியில கால்ச்சோன்னாலே உதைதான், ஏ.சி மிலான்ல வர்ற சி அதுதான். ஸ்பெயின்ல 1908-ல மரியானோ தே காவியாங்கிற எழுத்தாளர் ஃபுட்போல் வேணாம், நம்ம மொழியிலயே சொல்லுவோம்னு பலோம்பியேன்னு ஒரு சொல்ல முன்வச்சாரு, பந்து+கால். பேச்சுல அது நிக்கல, இன்னைக்கு ரியல் பெட்டிஸ் பலோம்பியேன்னு ஒரு கிளப் பேர்ல ஞாபகமா இருக்கு. அவ்வளவு பெரிய மொழியில நிக்காத அந்த முயற்சி தமிழ்ல நின்னுச்சு. நாம பேசும்போது ஃபுட்பால்னு சொன்னாலும் செய்தி வாசிக்கிறவங்க, பேப்பர், பாடப்புத்தகம் எல்லாத்துலயும் கால்பந்துன்னா கேள்வியே இல்லாம எல்லாருக்கும் புரியுது.

இன்னும் சந்தோஷமான விஷயம், அந்த ரெண்டு வழியுமே தமிழுக்குள்ள இருக்கு. தமிழ்நாட்டுல கால்பந்து. சிங்கப்பூர், மலேசியாவுல காற்பந்து. இலங்கையில உதைபந்து, உதைபந்தாட்டம். இந்த மூணுல ஒண்ணப் பாத்து இன்னொருத்தர் தப்புன்னு சொல்றத நான் நிறைய தடவ பாத்துட்டேன், மனசுக்குக் கஷ்டமா இருக்கும், ஏன்னா மூணுக்கும் காரணம் இருக்கு.

கால்+பந்துன்னா காலால ஆடுற பந்து, நடுவுல "ஆல்" மறைஞ்சிருக்கு, அதனால இது வேற்றுமைப் புணர்ச்சி. அப்படி வர்றப்ப ல்-க்கு அடுத்து வல்லினம் வந்தா ல் ற் ஆகும், கல்+சிலை கற்சிலை, கால்+சிலம்பு காற்சிலம்பு. அந்தக் கணக்குல காற்பந்துதான் இலக்கணப்படி வர்ற வடிவம், சிங்கப்பூர்க்காரங்க எழுதுறது எழுத்துப்பிழை கிடையாது. ஆனா பல்+பொடி பற்பொடின்னு இருந்தும் நாம கடையில பல்பொடின்னுதான கேக்குறோம்? கால்னு தெளிவா கண்ணுக்குத் தெரியணும்னு பிரிச்சு எழுதிப் பழகிட்டோம், கால்சட்டையும் அப்படித்தான். நான் கால்பந்துன்னே எழுதுறேன், பழக்கம் அது. கால்ப்பந்துன்னு நடுவுல ப் போடுறது மட்டும் எந்த வழியிலயும் வராது. கைப்பந்து, கூடைப்பந்துல ப் வருதேன்னு பாத்து போட்டுடுறாங்க, அங்க ஐ-ல முடியுற சொல்லுக்கு அடுத்து வல்லினம் வந்து மிகுது, இங்க மெய்யில முடியுது, கதையே வேற.

உதைபந்து இன்னும் அழகு. உதைத்த பந்து, உதைக்கிற பந்து, உதைக்கும் பந்து, மூணு காலமும் அந்த ஒரு சொல்லுக்குள்ள இருக்கு, வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு மாதிரி. அதனாலதான் நடுவுல ப் வராது, உதைப்பந்துன்னு எழுதாம உதைபந்துன்னு எழுதணும். ஒரு ஃப்ரீ கிக்க நினைச்சுப் பாருங்க, உதைச்சாச்சு, பந்து சுவர் மாதிரி நிக்கிற ஆளுங்க தலைக்கு மேல வளைஞ்சு போயிட்டு இருக்கு, இன்னும் வலையில விழல. அந்தப் பந்துக்கு உதைபந்தவிடப் பொருத்தமா என்ன பேர் வைக்க முடியும்னு எனக்குத் தோணல. அதோட 1863-ல அவங்க போட்ட சண்டையே உதை ஆளுக்கா பந்துக்கான்னுதான, பந்துக்கு மட்டும்தான்னு முடிவானதுலதான் இந்த ஆட்டம் பிறந்துச்சு, அந்த வரலாறு இலங்கைத் தமிழ்ச் சொல்லுக்குள்ள தானாவே வந்து உக்காந்திருக்கு.

அப்ப சாக்கருக்குத் தனியா தமிழ்ச்சொல் வேணுமா? வேணாம்னுதான் சொல்லுவேன். அசோசியேஷன் ஃபுட்பால அப்படியே பெயர்த்து "சங்கக் கால்பந்து"ன்னு சிலர் எழுதுறாங்க, நோக்கம் நல்லதுதான், ஆனா தமிழ் படிச்சவங்க கண்ணுக்கு அது சங்க காலத்துப் பந்துன்னு தெரியும், சங்கம்னா நமக்கு வேற ஞாபகம்தான முதல்ல வரும். இங்கிலீஷ்ல அந்த அடைமொழி தேவைப்பட்டதே ஃபுட்பால்னு பல ஆட்டம் இருந்ததால. தமிழ்ல கால்பந்துன்னா ஒரே ஆட்டம்தான், குழப்பமே இல்ல. தலைக்கவசம் போட்டு, நீள்வட்டப் பந்த பெரும்பாலும் கையில வச்சு ஆடுறாங்களே, அடைமொழிய அதுக்குப் போட்டு அமெரிக்கக் கால்பந்துன்னு எழுதினா போதும். மேஜர் லீக் சாக்கர் மாதிரி பேரா வர்ற இடத்துல சாக்கர அப்படியே விட்டுடலாம், பேர மொழிபெயர்க்க வேண்டியதில்ல. மத்த இடத்துல, அது இங்கிலாந்து மேட்சா இருந்தாலும் அமெரிக்கா மேட்சா இருந்தாலும், கால்பந்து, காற்பந்து, உதைபந்து, உங்க வீட்டுல எது வழக்கமோ அது. அக்கா பொண்ணுக்கு மூணையும் சொல்லிக் குடுத்தேன், அவ உதைபந்த எடுத்துக்கிட்டா.