ஸ்ட்ரேஃப்: தமிழில் இடசாரி, வலசாரி

கணினியில் ஆடும் சுடும் விளையாட்டில் பார்வையை எதிரி மேலேயே வைத்துக்கொண்டு, திரும்பாமல், உடம்பை மட்டும் இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்த்துவதற்குப் பெயர் ஸ்ட்ரேஃப். திரும்புவது வேறு, இது வேறு. திரும்பினால் காட்சி சுழலும். ஸ்ட்ரேஃப் செய்தால் எதிரி கண்முன்னேயே இருப்பான், சுவரும் தூணும்தான் பக்கவாட்டில் வழுக்கிப் போகும். இங்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில், பிள்ளைகள் பிரெஞ்சிலும் தீவின் பேச்சுமொழியான கிரியோலிலும் கத்திக்கொண்டே விளையாடும்போது இந்தச் சொல்லை அப்படியேதான் சொல்கிறார்கள். தமிழ் வகுப்புக்கு வருகிற பிள்ளை இதற்குத் தமிழில் என்ன என்று கேட்டால் சொல்வதற்கு நமக்கு ஒரு நல்ல சொல் வேண்டும்.

சொல் பிறந்த இடம் ஜெர்மனி. ஷ்ட்ராஃபன் என்றால் ஜெர்மன் மொழியில் தண்டிப்பது. 1914-ல் முதல் உலகப்போர் தொடங்கியதும் "இங்கிலாந்தைக் கடவுள் தண்டிக்கட்டும்" என்ற முழக்கம் அங்கே பரவியது. அதிலிருந்த வினைச்சொல்லை பிரிட்டிஷ் சிப்பாய்கள் கேலியாக எடுத்துக்கொண்டு, குண்டு பொழிவதற்கெல்லாம் அதையே சொன்னார்கள். அப்புறம் பொருள் குறுகி, விமானம் தாழப் பறந்தபடி தரையில் இருப்பவர்களைச் சுட்டுக்கொண்டே போவது என்று ஆயிற்று. அகராதியில் இன்றும் நீங்கள் பார்ப்பது இதுதான். கணினிக்கு வந்தபோது சுடுவது உதிர்ந்துவிட்டது, நகர்வது மட்டும் தங்கியது, அதுவும் பக்கவாட்டில் நகர்வது. தோட்டா ஒன்றுகூட இல்லாதவன் சுவரோரம் ஒதுங்கி ஓடினாலும் அது ஸ்ட்ரேஃப்தான்.

இந்த ஒரு அசைவுக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்றால், பழைய சுடும் விளையாட்டுகளின் சுவையே இதில்தான் இருக்கிறது. துப்பாக்கியை விடக் காலுக்குத்தான் அங்கே வேலை அதிகம். 1993 டிசம்பரில் வந்த டூம் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மேலே கீழே குறிபார்க்கவே வேண்டாம், எதிரி உயரத்தில் நின்றாலும் தோட்டா தானாகப் போய்ச் சேரும், அதனால் உங்கள் கவனம் முழுக்க இடம் வலம் என்பதிலேயே இருக்கும். இம்ப் என்ற பழுப்பு நிறப் பேய் நெருப்புருண்டை எறியும். விளையாட்டின் கடிகாரம் விநாடிக்கு 35 முறை துடிக்கிறது, ஒரு துடிப்புக்கு அந்த உருண்டை 10 அலகு தூரம் வரும். நீங்கள் பக்கவாட்டில் முழு ஓட்டம் பிடித்தால் அதே துடிப்புக்கு 13 அலகுக்கு மேல் போய்விடுவீர்கள். அதாவது எறிந்த நெருப்பை விட நீங்கள் வேகம்! வருவதைக் கண்ணால் பார்த்து, எந்தப் பக்கம் என்று முடிவெடுத்து, ஒதுங்கி, ஒதுங்கும்போதே திருப்பிச் சுடவும் நேரம் இருக்கிறது. அடிபட்டால் அது உங்கள் கால் செய்த தப்பு, விளையாட்டு உங்களை ஏமாற்றவில்லை. இந்த நியாயம்தான் திரும்பத் திரும்ப விளையாட வைக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் துப்பாக்கி வைத்திருக்கும் எதிரிகளும் அதே அறையில் இருப்பார்கள், அவர்கள் சுட்டால் தோட்டா அந்த நொடியே வந்து சேரும், ஒதுங்கிப் பயனில்லை. அதனால் முதலில் அவர்களை முடித்துவிட்டு அப்புறம் நெருப்பு எறிகிறவர்களோடு ஆடலாம் என்று உங்கள் கால்களே கணக்குப் போடத் தொடங்கும். இன்னொரு நுணுக்கம்: முன்னோக்கி ஓட்டத்துக்கு 50, பக்க ஓட்டத்துக்கு 40 என்று டூம் தனித்தனியாக உந்துவேகம் கொடுக்கிறது, இரண்டையும் சேர்த்து அழுத்தினால் செங்கோண முக்கோணக் கணக்குப்படி 64 ஆகிவிடும். மூலைவாட்டில் ஓடுகிறவன் நேராக ஓடுகிறவனை விட நான்கில் ஒரு பங்குக்கு மேல் வேகமாகப் போவது இதனால்தான்.

டூமில் ஸ்ட்ரேஃப் செய்ய ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு அம்புக்குறியை அழுத்தலாம். 1996-ல் குவேக் என்ற சுடும் விளையாட்டு வந்த பிறகு வலது கை சுட்டிக்கு முழுதாகப் போய்விட்டது, இடது கை டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளில் உட்கார்ந்துகொண்டது. 1997-ல் குவேக் போட்டி ஒன்றில் ஒரு ஃபெராரி காரையே வென்ற டென்னிஸ் ஃபாங் கை வைத்த இடம் என்பதால் அது பலருக்கும் பழக்கமானது. ரீயூனியனில் நம்மிடம் இருப்பது பிரெஞ்சு விசைப்பலகை, அதில் அதே இடத்தில் இருப்பவை இஸட், க்யூ, எஸ், டி. பழைய விளையாட்டு ஏ என்று எழுத்தைக் கேட்டால் இங்கே விரல் மேல் வரிசைக்குப் போக வேண்டும், டபிள்யூ கீழ் வரிசையில் கிடக்கும், கை முறுக்கிக்கொள்ளும். முதல் வேலையாக அமைப்புகளுக்குள் போய் மாற்றிவிடுங்கள்.

சரி, தமிழ்ச் சொல். தாழப்பறந்து சுடுதல் என்பது விமானத்துக்குச் சரி, இங்கே உதவாது. பக்கவாட்டு நகர்வு என்று சொல்லலாம், பொருள் பிழையில்லை, ஆனால் சண்டையின் துடிப்பு அதில் இல்லை, அலமாரியை நகர்த்துவது போல இருக்கிறது. நம்மிடம் ஏற்கெனவே ஒரு சண்டைச் சொல் உண்டு: சாரி. தேரும் குதிரையும் வீரனும் களத்தில் இடமாகவும் வலமாகவும் வளைந்து ஓடுவதை இடசாரி, வலசாரி என்பார்கள். பாரதக் கதையை விடிய விடிய ஆடுகிற நாடகத்தை 'பால் தமூல்' என்று இன்றும் சொல்லும் இந்தத் தீவில் இந்தச் சொல் அந்நியமாக இருக்காது.

ஆகவே க்யூ விசை இடசாரி, டி விசை வலசாரி. எதிரியைக் குறியில் வைத்தபடி அவனைச் சுற்றியே ஓடுவதை வட்டசாரி என்று சொல்லலாம். அரசியலில் வழங்கும் இடதுசாரி, வலதுசாரியோடு குழம்புமே என்றால், விளையாடும்போது யாருக்கும் அந்தக் குழப்பம் வராது. சாரிக்கு வடமொழித் தொடர்பு உண்டு என்று தயங்குகிறவர்கள் பக்கவோட்டம் என்று வைத்துக்கொள்ளட்டும், அதுவும் நல்ல சொல்தான். எனக்குச் சாரிதான் பிடித்திருக்கிறது, "வலசாரி போ, வலசாரி!" என்று பக்கத்திலிருந்து கத்துவதற்கு அதுதான் வாகாக இருக்கிறது.