ஹேண்டிகேப்: தொப்பிக்குள் விட்ட கை

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள், "எனக்கு ஹேண்டிகேப் வந்துடுச்சு, 25.3" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். முத்தியால்பேட்டையில் எங்கள் எதிர்வீட்டு அக்கா போனும் கையுமாக ஓடிவந்தார். "எந்தக் கால்னுகூடச் சொல்லலையே தம்பி!" கால் நன்றாகத்தான் இருக்கிறது, பெண் கோல்ஃப் ஆட ஆரம்பித்திருக்கிறாள் என்று புரியவைப்பதற்குள் என் காபி ஆறிவிட்டது.

அக்கா மேல் தப்பில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு ஊனம் என்ற பொருள் வந்து நூறு வருஷத்துக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அதற்கு முன் அது வெறும் ஆட்டம். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இரண்டு பேர் பொருள் மாற்றிக்கொள்வார்கள். மதிப்புக் குறைந்த பொருளைக் கொடுப்பவர் மேற்கொண்டு எவ்வளவு தர வேண்டும் என்பதை நடுவர் சொல்வார். எல்லோரும் தொப்பியில் பந்தயக் காசு போடுவார்கள். அதற்குள் கைவிட்டு எடுக்கும் விதத்திலேயே சம்மதமா இல்லையா என்று காட்டிவிடுவார்கள். 'ஹேண்ட் இன் கேப்', தொப்பிக்குள் கை. நம் ஆனந்தரங்கப் பிள்ளையைப் போல அங்கே நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பீப்ஸ், 1660இல் இதை ஆடிப்பார்த்துவிட்டு நன்றாக இருந்தது என்று எழுதியிருக்கிறார். அடுத்த நூற்றாண்டில் சொல் குதிரைப் பந்தயத்துக்குப் போனது: வேகமான குதிரைக்குக் கூடுதல் எடை. அங்கிருந்து கோல்ஃபுக்கு: பந்தைக் குழியில் போட மட்டையால் அடித்த அடிகளின் கணக்கில் சிலவற்றைக் கழித்து, திறமை குறைந்தவரும் சமமாக மோத வழிசெய்யும் எண் அது.

சரி, 25.3 எப்படி வந்தது? 2020 முதல் உள்ள உலக முறைப்படி, புதியவர் குறைந்தது 54 குழிகள், அதாவது மூன்று முழு ஆட்டம், ஆடிக் கணக்குக் கொடுக்க வேண்டும். 'பார்' என்பது ஒரு குழியை முடிக்க நல்ல ஆட்டக்காரருக்கு ஆகும் அடிகள். ஒரு குழிக்குப் பாரை விட ஐந்து அடிக்கு மேல் கூட்டி எழுத முடியாது. பார் 4 குழியில் பன்னிரண்டு அடி அடித்தாலும் கணக்கில் 9தான். அவள் எடுத்தது 104, 99, 101 என்று வைத்துக்கொள்ளுங்கள். மைதானத்தின் மதிப்பீடு, அதாவது நல்ல ஆட்டக்காரருக்கு அங்கே ஆகும் அடிகள், 70; கடினத்தைச் சொல்லும் ஸ்லோப் என்ற எண் 120. சிறந்த ஆட்டமான 99இல் 70 போனால் 29. அதை 113ஆல் (நடுத்தரக் கடின மைதானத்தின் ஸ்லோப்) பெருக்கி 120ஆல் வகுத்தால் 27.3. மூன்றே ஆட்டம் என்பதால் அதில் இன்னும் 2 கழிப்பார்கள்: 25.3. ஆடஆட இந்த எண் மாறும், இறங்க இறங்க நல்லது. தொடக்கத்தில் 54 வரை போகலாம்.

தமிழில் என்ன சொல்லலாம்? தெருவில் ஆடும்போது சின்னப் பிள்ளையை 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ஆட்டச் சொல் ஊனத்துக்குப் போனது, நம்மிடம் ஊனச் சொல் ஆட்டத்துக்கு வந்திருக்கிறது. ஆனாலும் அது பொருந்தாது. ஒப்புக்குச் சப்பாணிக்கு வெற்றி தோல்வி இல்லை, 25.3 உள்ளவர் 10 உள்ளவரை நிஜமாகவே ஜெயிக்கலாம். 'கழிவெண்' என்றால் குப்பை நினைவு வரும்.

எனக்கு 'ஈட்டெண்' பிடிக்கிறது. ஈடு என்றால் சமம். நகையை ஈடு வைக்கிறோமே, அந்தப் பிணையும் ஈடுதான். தொப்பியில் போட்ட காசும் அதே வகை.