மாநாட்டுக்குப் போகும் டாக்டருக்கு டிக்கெட் எடுத்தது யார்?

'டாக்டர் மாநாட்டுக்குச் சென்றுள்ளார், 4 நாள் கிளினிக் விடுமுறை' என்று போர்டு தொங்கும். டிக்கெட்டும் ஹோட்டலும் யார் செலவு என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் தப்பில்லை, அதற்கென்றே விதி இருக்கிறது. மத்திய அரசின் மருந்துத் துறை 2024 மார்ச் 12 அன்று அறிவித்த மருந்து விற்பனை நெறிமுறைதான் அது. சுருக்கமாக யு.சி.பி.எம்.பி. 2015 முதலே இதன் பழைய வடிவம் உண்டு. இஷ்டமிருந்தால் பின்பற்றலாம் என்றதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது உள்ளபடி, மாநாடு, கருத்தரங்கு, பயிலரங்கு எதுவானாலும் டாக்டருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ மருந்து கம்பெனி ரயில், விமான, கப்பல் டிக்கெட் எடுத்துத் தரக்கூடாது. ஹோட்டல் அறை, ரிசார்ட், தடபுடல் விருந்து, ரொக்கம் எதுவும் கூடாது. டாக்டர்களுக்கான தொடர் கல்வி நிகழ்ச்சியை, அதாவது சி.எம்.இ.யை, வெளிநாட்டில் நடத்தவே கூடாது.

பயணத்துக்கும் தங்கலுக்கும் ஒரு விலக்கு உண்டு: நிகழ்ச்சியில் பேச வருபவர். இதில் நியாயம் இருக்கிறது. டெல்லியிலிருந்து மதுரைக்கு வந்து பாடம் எடுப்பவர் கைக்காசு போட்டு வர வேண்டியதில்லை. ஆனால் ஓட்டையும் இங்கேதான். ஒரு அமர்வுக்குத் தலைவர், துணைத் தலைவர், விவாதக் குழுவில் ஆறு பேர் என்று அழைப்பிதழ் நீண்டால், அதில் எத்தனை பேர் பேச வந்தவர்கள், எத்தனை பேர் டிக்கெட்டுக்காகப் பேச்சாளர் ஆனவர்கள்? அதனால்தான் நடத்துபவர்கள் பேச்சாளர்களை எப்படித் தேர்ந்தெடுத்தோம், பணம் எங்கிருந்து வந்தது, எவ்வளவு செலவு என்று தங்கள் இணையதளத்தில் போட வேண்டும் என்கிறது நெறிமுறை. தான் நடத்தும் நிகழ்ச்சியின் செலவைக் கம்பெனியும் தன் தளத்தில் காட்ட வேண்டும்.

சரி, மாநாட்டில் கம்பெனி ஸ்டாலில் தரும் டைரி? புத்தகம், காலண்டர், டைரி, சிகிச்சைக் கையேடு போன்றவை தரலாம். ஒரு பொருளின் மதிப்பு 1,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. மெடிக்கல் ரெப் தரும் இலவச சாம்பிளுக்கும் கணக்கு உண்டு: ஒரு பாக்கெட்டில் 3 நோயாளிகளுக்குத் தேவையான அளவு, ஒரு மருந்துக்கு ஒரு டாக்டருக்கு வருடம் 12 பாக்கெட்.

இதெல்லாம் கம்பெனியைக் கட்டுப்படுத்துவது. டாக்டரைக் கட்டுப்படுத்துவது இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002 நன்னடத்தை விதிகள். கம்பெனிகளிடம் பரிசும் பயணமும் பெறக்கூடாது என்பது அதில் 2009 டிசம்பரில் சேர்ந்தது. வாங்கிய பரிசின் மதிப்புக்கேற்ற தண்டனையை 2016 திருத்தம் சொன்னது: 5,000 ரூபாய் வரை கண்டனம்; 1 லட்சத்துக்கு மேல் போனால் ஓராண்டுக்கு மேல் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம். அதே திருத்தம் டாக்டர் சங்கங்களை விதியின் வரம்பிலிருந்து எடுத்துவிட்டது. தனி டாக்டர் வாங்கினால் குற்றம், சங்கம் வாங்கினால் ஸ்பான்சர்ஷிப்! 2023 ஆகஸ்டில், அந்தக் கவுன்சிலுக்குப் பதிலாக வந்த தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த கடுமையான புதிய விதிகள் மூன்றே வாரத்தில் நிறுத்திவைக்கப்பட்டன.

மீறினால் என்ன ஆகும்? 30 டாக்டர்களை மொனாக்கோவுக்கும் பாரிஸுக்கும் அனுப்ப 1.91 கோடி ரூபாய் செலவிட்டதாக ஆப்வீ கம்பெனியை 2024 டிசம்பரில் மருந்துத் துறை கண்டித்தது. டாக்டர்கள் மீது நடவடிக்கை எடுக்க மருத்துவ ஆணையத்துக்கும், வரியைப் பார்க்க வருமான வரித் தரப்புக்கும் எழுதியது. கம்பெனிக்குக் கிடைத்தது கண்டனம்தான், அபராதம் இல்லை. நெறிமுறைக்குத் தனிச் சட்டத்தின் பலம் இல்லாததே காரணம். வரிப் பக்கம் மட்டும் பிடி கொஞ்சம் இறுக்கம். சென்னை அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கில், டாக்டர்களுக்குத் தரும் இலவசங்களை வியாபாரச் செலவாகக் காட்டி வரி குறைக்க முடியாது என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கம்பெனி மீது புகார் என்றால், அது உறுப்பினராக உள்ள மருந்து உற்பத்தியாளர் சங்கத்தின் நெறிமுறைக் குழுவுக்கு எழுதுங்கள். சம்பவம் நடந்து 6 மாதத்துக்குள் எழுத வேண்டும். 1,000 ரூபாய் கட்டணம், திரும்பக் கிடைக்காது. 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் மருந்துத் துறைச் செயலர் தலைமையிலான மேல்குழுவுக்குப் போகலாம். டாக்டர் மீது என்றால் அவர் பதிவு செய்துள்ள மாநில மருத்துவ கவுன்சில். நம்மூரில் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். வெறும் சந்தேகத்தை எழுதி அனுப்பாமல், மாநாட்டு அழைப்பிதழின் நகலையும், ஸ்பான்சர் பெயர்கள் உள்ள பக்கத்தின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.