155 யார் தூரத்துக் காற்று

வடமராட்சியில் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் மாணவர் ஒருவர் எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அவருடைய மாமா, நள்ளிரவு தாண்டியும் தொலைக்காட்சியில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி பார்த்துக்கொண்டிருந்தாராம். உலகின் முதல்தர ஆட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒரு சிறிய ஓடைக்குள் பந்தை விழுத்தியதைக் கண்ட மாணவர், “எங்கட பள்ளிக்கூட மைதானத்தில இரண்டு பவுண்டரித் தூரம்தானே சேர், இதுக்கே ஏன் இப்பிடித் தடுமாறுகினம்?” என்று எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் கோல்ஃப் மட்டையைக் கையில் பிடித்தவர்கள் மிகச் சிலரே. ஆனாலும் இந்தக் கேள்விக்கான விடை எங்கள் கடற்கரையிலும் பனங்கூடல்களிலும் நாள்தோறும் நடப்பதோடு நெருங்கிய தொடர்புடையது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆட்ட விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பார் 3 குழி என்றால் தேர்ந்த ஆட்டக்காரர் மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழி. முதல் அடியிலேயே பந்து, குழியைச் சுற்றி ஒட்ட வெட்டப்பட்ட புல்தரையில் போய் இறங்க வேண்டும். மற்ற இரண்டு அடிகள் அங்கே மெல்ல உருட்டிக் குழிக்குள் போடுவதற்கு. நீண்ட குழிகளில் முதல் அடி சற்றுப் பிசகினாலும் அடுத்த அடியில் ஈடுசெய்யலாம். பார் 3 குழியில் அந்த வாய்ப்பு இல்லை.

தூரமே இடராக அமைந்த குழிகளும் உண்டு. 2007 ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் போட்டியின் இறுதி நாளில் ஓக்மொண்ட் மைதானத்தின் 8 ஆவது குழி 300 யார், அதாவது ஏறத்தாழ 274 மீற்றர் தூரத்தில் வைக்கப்பட்டது. ஆனால் பெரும் ஆட்டக்காரர்களை நிலைகுலையச் செய்த குழிகளின் பட்டியலைப் பார்த்தால், குறுகிய தூரக் குழிகளே அதில் முன்னே நிற்கின்றன. ஸ்கொட்லாந்தில் ரோயல் ட்ரூன் மைதானத்தின் 8 ஆவது குழிக்குத் ‘தபால் முத்திரை’ என்று பெயர். தூரம் 123 யார் மட்டுமே. 1950 இல் ஹேர்மன் டிஸ்ஸீஸ் என்ற ஜேர்மனிய ஆட்டக்காரர் அதை முடிக்க 15 அடிகள் எடுத்தார். அதே குழியில் 1973 இல் ஜீன் சரஸன் தமது 71 ஆவது வயதில் ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் செலுத்தினார். புளோரிடாவில் டிபிசி சோகிராஸ் மைதானத்தின் 17 ஆவது குழி, நீரால் சூழப்பட்ட ஒரு தீவு, 137 யார். அங்கு நடந்த 2007 ஆம் ஆண்டுப் பிளேயர்ஸ் போட்டியின் முதல் நாளில் மட்டும் 50 பந்துகள் அந்த நீருக்குள் போயின.

மாணவர் பார்த்தது ஜோர்ஜியா மாநிலத்தில் ஒகஸ்டா நஷனல் மைதானத்தின் 12 ஆவது குழி. தூரம் 155 யார், அதாவது ஏறத்தாழ 142 மீற்றர். முன்னால் ரேஸ் ஓடை. ஓடைக்கு அப்பால் குறுக்குவாட்டில் நீண்டு, நடுவில் ஏறக்குறைய பத்து யார் ஆழமே கொண்ட புல்தரை. முன்னே ஒன்றும் பின்னே இரண்டுமாக மணற்பள்ளங்கள். அவற்றை ஆங்கிலத்தில் பங்கர் என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எங்கள் வயதினருக்கு வீட்டுக் கோடிக்குள் வெட்டிய பதுங்குகுழியே நினைவுக்கு வரும் என்பதால் இங்கு மணற்பள்ளம் என்றே எழுதுகிறேன். அதற்கும் பின்னால் உயர்ந்த பைன் மரங்கள் நிற்கின்றன. 1980 இல் டொம் வைஸ்கொஃப் இங்கே 13 அடிகள் எடுத்தார். 2016 இல் இறுதிச் சுற்றில் முன்னணியில் இருந்த ஜோர்டன் ஸ்பீத் இரண்டு பந்துகளை ஓடைக்குக் கொடுத்து, 7 அடிகளில் முடித்து, பட்டத்தை இழந்தார். 2020 இல் டைகர் வூட்ஸ் 10 அடிகள் எடுத்தார். தமக்கு முன் அடித்தவர்களுக்கு வலப்புறமிருந்து வீசிய காற்று, தாம் அடிக்க நின்றபோது இடப்புறத்துக்கு மாறிவிட்டதென்றும், தாம் தவறான காற்றை நம்பி அடித்துவிட்டதாகவும் அவர் பின்னர் கூறினார். கேள்விக்கான விடை அந்தக் கூற்றுக்குள் இருக்கிறது.

முதலில் பந்தைப் பார்ப்போம். உறவினர் ஒருவர் கொண்டுவந்து தந்த கோல்ஃப் பந்து ஒன்று என் மேசையில் இருக்கிறது. தேசிக்காயளவு, நிறை 46 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதன் தோல் முழுவதும் சின்னஞ்சிறு பள்ளங்கள். பென்சிலால் ஒவ்வொன்றாகப் புள்ளியிட்டு எண்ணத் தொடங்கி, முந்நூறைத் தாண்டியதும் எண்ணிக்கையைத் தவறவிட்டேன். ஒரு பள்ளத்தின் ஆழம் கால் மில்லிமீற்றர் அளவே. நகத்தை வைத்து இழுத்தால்தான் தட்டுப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மலாயாப் பக்கத்து மரப்பாலான கட்டாபேர்ச்சாவில் வழவழப்பான பந்துகள் செய்தார்கள். புதிய பந்தைவிட, அடிபட்டு வடுப்பட்ட பழைய பந்தே நன்றாகப் பறப்பதை ஆட்டக்காரர்கள் கண்டுகொண்டார்கள். 1905 இல் வில்லியம் டெய்லர் என்ற ஆங்கிலேயர் இந்தப் பள்ளங்களுக்குக் காப்புரிமை பெற்றார்.

பறக்கும் பந்தின் மேல் மெல்லிய காற்றுப் படலம் ஒன்று ஒட்டிக்கொண்டு வழுகிச் செல்கிறது. பந்து வழவழப்பாக இருந்தால் அந்தப் படலம் அமைதியாக ஓடி, விரைவிலேயே சோர்ந்து, பந்தின் இடுப்பளவில் தோலை விட்டு விலகிவிடும். பின்னால் அகன்ற கலங்கல் வெளி ஒன்று உண்டாகும். அங்கே அமுக்கம் குறைவாக இருப்பதால் அது பந்தைப் பின்னோக்கி இழுக்கும். பள்ளங்கள் அந்தப் படலத்தைக் குலைத்துச் சுழிக்க வைக்கின்றன. சுழித்த படலம் வெளியே விரைந்தோடும் காற்றோடு கலந்து வலுப்பெறுவதால், பந்தின் பின்புறம் வரை விலகாமல் ஒட்டிச் செல்கிறது. கலங்கல் வெளி ஒடுங்க, இழுவிசை ஏறக்குறைய பாதியாகிறது. குழப்பத்தை உண்டாக்கித் தடையைக் குறைக்கும் இந்த ஏற்பாட்டை எத்தனை முறை விளக்கினாலும் எனக்கு அலுப்பதில்லை.

இரண்டாவது அற்புதம் பின்சுழற்சி. சரிவான முகம் கொண்ட இரும்பு மட்டை பந்தின் அடிப்பாகத்தைச் சீவி அடிப்பதால், பந்து முன்னோக்கிப் பறந்துகொண்டே பின்னோக்கிச் சுழல்கிறது. இத்தகைய அடியில் நிமிடத்துக்கு 8000 சுற்றுகள் வரை இருக்கும். ஒரு செக்கனில் 130 க்கும் மேல். சுழலும் தோல் மேற்புறத்துக் காற்றைத் தன்னோடு இழுத்துச் சென்று பின்புறத்தில் கீழ்நோக்கித் தள்ளிவிடுகிறது. அதன் மறுதாக்கமாகப் பந்து மேலே தூக்கப்படுகிறது. செக்கனுக்கு 50 மீற்றர் வேகத்தில் புறப்படும் பந்தில் இந்தத் தூக்குவிசை பந்தின் எடையை எட்டுகிறது. அதை மிஞ்சவும் செய்கிறது. இதை முதலில் ஒழுங்காக ஆராய்ந்தவர் எடின்பரோப் பேராசிரியர் பீற்றர் கத்ரி டெயிட். அவருடைய மகன் பிரெடி 1896 இலும் 1898 இலும் பிரித்தானிய அமெச்சூர் பட்டம் வென்றவர். பந்தோடு நீண்ட நாடா ஒன்றைப் பொருத்தி அடிக்கச் செய்து, நாடாவில் ஏறிய முறுக்குகளை எண்ணியே டெயிட் சுழற்சியை அளந்தார். நாடா ஒன்றும் பொறுமையும் அந்த ஆய்வுக்குப் போதுமாக இருந்தன. எங்கள் பாடசாலைகளில் அறிவியலுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கையாவது மாணவர் தம் கையால் எதையேனும் அளப்பதற்குச் செலவிட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கட்டடத் திறப்பு விழாக்களுக்குக் கிடைக்கும் பணம், ஒரு காற்றுவேகமானி வாங்கக் கிடைப்பதில்லை.

இனிக் காற்று. பந்துக்குத் தரையோடு உள்ள வேகம் தெரியாது. காற்றோடு உள்ள வேகம் மட்டுமே தெரியும். இழுவிசையும் தூக்குவிசையும் அந்த வேகத்தின் வர்க்கத்தோடு வளர்பவை. 50 மீற்றர் வேகப் பந்துக்கு எதிராக 5 மீற்றர் வேகக் காற்று வீசினால் பந்து உணரும் வேகம் 55. இழுவிசை 21 சதவீதம் கூடுகிறது. தூக்குவிசையும் கூடுவதால் பந்து வழமையைவிட மேலே ஏறி, எதிர்க்காற்றுக்குள் கூடிய நேரம் நின்று, செங்குத்தாகக் குறுகி விழுகிறது. அதே காற்று பின்னாலிருந்து வீசினால் இழுவிசை குறையும். ஆனால் தூக்குவிசையும் குறைந்து பந்து முந்தியே இறங்கிவிடுவதால், காற்றுத் தந்த இலாபத்தில் ஒரு பகுதி கைநழுவுகிறது. ஆகவே எதிர்க்காற்று பறிப்பது, பின்காற்று கொடுப்பதைவிட அதிகம். அத்துடன், பறப்பின் உச்சியில் பந்தின் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். 25 மீற்றர் வேகத்தில் நகரும் பந்தின் மீது அதே 5 மீற்றர் எதிர்க்காற்று இழுவிசையை 44 சதவீதம் கூட்டிவிடுகிறது. பந்து காற்றுக்கு மிகவும் வசப்பட்டிருக்கும் இடம் அதன் உச்சிதான். அந்த உச்சி தரையிலிருந்து 25 மீற்றருக்கும் மேலே இருக்கிறது.

ஆட்டக்காரர் அங்கே நிற்கவில்லை. புல்லைக் கிள்ளி எறிந்து பார்ப்பவர் தம் முகத்தளவில் வீசும் காற்றையே அறிகிறார். தரையோடு உராயும் காற்று மெதுவாகவும், உயரே செல்லச் செல்ல விரைவாகவும் வீசும். பளையில் நிற்கும் காற்றாலைகளை அத்தனை உயரத்தில் ஏற்றிவைத்ததும் இதனால்தான். திறந்த வெளியில் இந்த வேறுபாட்டை அனுபவத்தால் கணிக்கலாம். ஒகஸ்டாவின் 12 ஆவது குழியோ ஒரு தாழ்ந்த மூலையில் மரங்களுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. மரவரிசையைத் தாண்டி வரும் காற்று மரங்களின் உச்சியில் பிரிந்து, கீழே சுழல்களாக உருள்கிறது. வழவழப்பான பந்தின் இடுப்பில் காற்றுப் படலம் விலகி உண்டாக்கும் அதே கலங்கல்தான் இது; கால் மில்லிமீற்றர் பள்ளத்தில் தொடங்கிய கதை, 25 மீற்றர் மரத்தில் மீண்டும் நடக்கிறது. சுழல்கள் சில செக்கன்களுக்கு ஒன்றாகக் கடந்து செல்கின்றன. பந்து பறப்பதும் ஆறு செக்கன் அளவே. எனவே அடிக்க ஓங்கும்போது இருந்த காற்றும் பந்து உச்சியை அடையும்போது இருக்கும் காற்றும் வெவ்வேறாக இருக்கலாம். அருகருகே உள்ள 11 ஆம், 12 ஆம் குழிகளின் கொடிகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு திசை காட்டுவதும் இதனால்தான். பத்து யார் ஆழமுள்ள தரையில் பந்தை நிறுத்த வேண்டியவருக்கு, அந்த வேறுபாடு ஓடையையோ பின்புற மணற்பள்ளத்தையோ தந்துவிடும்.

அந்த இடத்தில் பழங்குடி மக்களின் புதைகுழிகள் இருந்ததாகவும், அவர்களுடைய ஆவிகளே காற்றை அலைக்கழிப்பதாகவும் அங்கு ஒரு கதை வழங்குகிறது. எங்கள் ஊரிலும் உச்சிப் பொழுதில் பனங்கூடலுக்குள் திடீரென்று ஓலைகள் சரசரத்தால் முனி போகிறது என்பார்கள். கதைகளைச் சொன்ன முதியவர்கள் காற்றைக் கூர்ந்து கவனித்தவர்கள். அவர்களுடைய அவதானம் சரியானது. காரணத்தை மட்டும் நாங்கள் முனியிடமிருந்து மீட்டுக்கொள்ள வேண்டும். முனிக்குப் பயந்து பிள்ளைகளைக் கூடலுக்குள் விடாமல் மறிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி கேட்ட மாணவருக்கு நான் சொல்வது, வருகிற தைப்பொங்கலை அண்டிய நாளில், வாடைக்காற்று நிலையாக வீசும்போது ஒரு பட்டத்தை ஏற்றுங்கள் என்பதே. வல்வெட்டித்துறைக் கடற்கரையில் என்றால் சுற்றிலும் தடையில்லாத காற்றுக் கிடைக்கும். ஒப்பிட்டுப் பார்க்க, அடர்ந்த வடலி (இளம்பனை) வரிசை ஒன்றின் மறைவிலிருந்தும் ஒரு முறை ஏற்ற வேண்டும். நூலில் ஐந்து மீற்றருக்கு ஒன்றாகச் சிவப்புத் துணிக் கீலங்களைக் கட்டிவிடுங்கள். சென்ற ஆண்டு நான் அப்படிச் செய்தேன். மேலே பட்டத்தில் கட்டிய விண் என்ற அதிர்நார் ஒரே சுருதியில் கூவிக்கொண்டிருந்தது. வடலிக்கு மேலே நின்ற கீலங்கள் அனைத்தும் தெற்கு நோக்கி விறைத்து நீண்டிருந்தன. வடலி உயரத்துக்குக் கீழே இருந்த மூன்று கீலங்கள் மட்டும் ஒரு நிலையில் நில்லாமல் நூலைச் சுற்றிச் சுற்றி வந்தன. இடையிடையே ஓரிரு கணம் வடக்கு நோக்கியும் நீண்டன. என் முகத்தில் அப்போது காற்றே படவில்லை.