பெட் ஸ்கேன்: ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் ஏன் பேசக் கூடாது?

வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "அம்மாவுக்கு மார்பில் கட்டி. பெட் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். காலையிலிருந்து பட்டினி. விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். அப்புறம் ஓர் ஊசி. ஊசி போட்டதும் தனி அறையில் கம்பளி போர்த்திப் படுக்க வைத்து, பேசக் கூடாது, எதையும் மெல்லக் கூடாது, ஒரு மணி நேரம் அசையாமல் படுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எதற்கு இவ்வளவு கெடுபிடி? ஸ்கேன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பேத்தியைத் தூக்கலாமா?"

கேட்டது சின்னக் கேள்விதான். ஆனால் அந்த ஊசிக்குள் என்ன இருக்கிறது, அது உடம்புக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்தக் கெடுபிடி ஒவ்வொன்றுக்கும் காரணம் தானாகவே புரிந்துவிடும்.

எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. மூன்றும் பெரும்பாலும் உருவத்தைக் காட்டுபவை. கட்டி எங்கே இருக்கிறது, எத்தனை சென்டிமீட்டர், எதை ஒட்டி இருக்கிறது என்பதையெல்லாம் சொல்லும். அந்தக் கட்டி உயிரோடு துடிப்பாக இருக்கிறதா, வெறும் தழும்பா என்பதைச் சி.டி.யால் பல நேரங்களில் சொல்ல முடியாது. பெட் ஸ்கேன் காட்டுவது செல்களின் பசியை. எந்த இடத்தில் எவ்வளவு குளூக்கோஸ் செலவாகிறது என்பதன் வரைபடம் அது.

புற்றுநோய்க்கும் குளூக்கோஸுக்கும் உள்ள உறவை 1920களில் ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் கண்டார். சாதாரண செல், ஆக்சிஜன் கிடைத்தால் குளூக்கோஸை முழுவதும் எரித்து, ஒரு மூலக்கூறிலிருந்து ஏறத்தாழ 30 ஏ.டி.பி. (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) எடுத்துக்கொள்ளும். புற்றுநோய் செல்லோ ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும் பாதி வழியிலேயே நிறுத்தி, லாக்டிக் அமிலமாக மாற்றி வெளியே தள்ளிவிடுகிறது. அதற்குக் கிடைப்பது வெறும் 2 ஏ.டி.பி. அதனால் அளவுக்கு மீறிக் குளூக்கோஸை இழுக்கிறது. பெருகிக்கொண்டே இருக்கும் செல்லுக்கு ஆற்றலோடு கட்டுமானப் பொருளும் வேண்டும், எல்லாவற்றையும் எரித்துவிட்டால் அது மிஞ்சாது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம்.

சரி, குளூக்கோஸில் கதிரியக்க அணு ஒன்றை ஒட்டி அனுப்பினால் கட்டி தெரிந்துவிடுமே என்று தோன்றும். நடக்காது. குளூக்கோஸ் செல்லுக்குள் போன வேகத்தில் உடைந்து, கார்பன் டைஆக்சைடாகவும் லாக்டிக் அமிலமாகவும் வெளியேறிவிடும். நாம் படம் எடுப்பதற்குள் தடயம் கலைந்துபோகும். உள்ளே போக வேண்டும், உள்ளேயே நிற்கவும் வேண்டும். இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த தீர்வுதான் எஃப்.டி.ஜி. வேதியியலில் நான் கண்ட அழகான தந்திரங்களில் இதை முதலிடத்தில் வைப்பேன்.

குளூக்கோஸ் மூலக்கூறில் ஆறு கார்பன்கள். அவற்றில் இரண்டாவது கார்பனில் ஒரு ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து ஒட்டியிருக்கும். அந்த ஜோடியை எடுத்துவிட்டு, அங்கே கதிரியக்க ஃபுளூரின்-18 அணு ஒன்றை வைத்தால் அதுதான் எஃப்.டி.ஜி. செல்லின் சவ்வில் குளூக்கோஸை உள்ளே விடும் புரதங்களுக்கு இந்த மாற்றம் தெரியவில்லை. உள்ளே விட்டுவிடுகின்றன. உள்ளே ஹெக்ஸோகைனேஸ் என்ற நொதி காத்திருக்கிறது. அது பார்ப்பது ஆறாவது கார்பனை. அங்கே ஒரு பாஸ்பேட்டை மாட்டிவிடுகிறது. பாஸ்பேட் மின்னேற்றம் உள்ளது, ஆகவே இனி அந்த மூலக்கூறு சவ்வைத் தாண்டி வெளியே வர முடியாது. இதுவரை சாதாரண குளூக்கோஸுக்கு நடப்பதேதான்.

அடுத்த படியில்தான் கதை மாறுகிறது. அடுத்த நொதி வேலை செய்ய வேண்டிய இடம் இரண்டாவது கார்பன். அங்கே அதற்கு வேண்டிய ஆக்சிஜன் இல்லை, ஃபுளூரின் உட்கார்ந்திருக்கிறது. நொதியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. முன்னே போக வழியில்லை, பின்னே வரப் பாஸ்பேட் விடாது. மீன் பிடிக்கும் பறிக்குள் நுழைந்த மீன் மாதிரி எஃப்.டி.ஜி. அந்தச் செல்லிலேயே தங்கிவிடுகிறது. எந்தச் செல் அதிகமாகச் சாப்பிடுகிறதோ அதில் அதிகமாகச் சேர்கிறது.

ஆனால் கல்லீரல் செல்களில் அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றிவிடும் நொதி நிறைய உண்டு. அங்கே எஃப்.டி.ஜி. மெல்லக் கசிந்து வெளியேறும். கல்லீரல் செல்களின் குணம் பெரிதும் மாறாத கல்லீரல் புற்றுநோய் சில நேரம் பெட் ஸ்கேனில் தப்பிவிடுவதற்கு இதுவே காரணம்.

இதற்கு மூலமான 2-டிஆக்சிகுளூக்கோஸை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். 2021 மே மாதம் கோவிட் இரண்டாம் அலையின்போது 2-டி.ஜி. என்ற பெயரில் பொடியாக அவசர அனுமதி பெற்றதே, அதே பொருள்தான். 1950களில் இதைப் புற்றுநோய்க்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள், மருந்தாக நிலைக்கவில்லை. பின்னர் அமெரிக்காவில் லூயி சோகோலோஃப் அதில் கதிரியக்கக் கார்பனைச் சேர்த்து, மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு குளூக்கோஸ் செலவழிக்கிறது என்று விலங்குகளில் அளந்தார். அதை மனிதருக்குக் கொண்டுவரத்தான் ஃபுளூரின்-18 தேவைப்பட்டது. புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் தட்சுவோ இடோ, ஆல்ஃபிரட் வுல்ஃப், ஜோனா ஃபவுலர் ஆகியோர் எஃப்.டி.ஜி.யைத் தயாரிக்க, 1976இல் பிலடெல்ஃபியாவில் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தினார்கள். நோக்கம் மூளை ஆராய்ச்சி. புற்றுநோய் அப்புறம்தான் வந்தது.

இனி அந்த ஃபுளூரின்-18. அதன் கருவில் 9 புரோட்டான், 9 நியூட்ரான். இந்தச் சேர்க்கை நிலையற்றது. ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாறும்போது பாசிட்ரான் ஒன்று வெளியே பாய்கிறது. எலெக்ட்ரானின் எதிர்த்துகள் அது. 1928இல் இயற்பியலாளர் டிராக்கின் சமன்பாட்டில் அதற்கு வித்து விழுந்தது, 1932இல் கார்ல் ஆண்டர்சன் அதன் தடத்தைக் கண்டார். அந்த எதிர்ப்பொருள் நோயாளியின் திசுவுக்குள் சராசரியாக அரை மில்லிமீட்டர் சுமார் ஓடி, ஏதோ ஓர் எலெக்ட்ரானைச் சந்திக்கிறது. இரண்டும் மறைந்துபோகின்றன. அவற்றின் நிறை முழுவதும் ஆற்றலாகி, தலா 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கொண்ட இரண்டு காமாக் கதிர்களாக ஏறக்குறைய நேர் எதிர்த் திசைகளில் பறக்கின்றன.

ஸ்கேன் கருவியின் வளையத்தில் ஆயிரக்கணக்கான படிகங்கள் உண்டு. ஒரு படிகத்தில் கதிர் பட்டு, சில நானோ நொடிகளுக்குள் எதிர்ப்பக்கப் படிகத்திலும் பட்டால், இரண்டும் ஒரே நிகழ்விலிருந்து வந்தவை என்று கணினி கொள்கிறது. அந்த இரண்டு படிகங்களையும் இணைக்கும் கோட்டில் எங்கோ ஓர் எஃப்.டி.ஜி. இருந்திருக்கிறது. இப்படிக் கோடிக்கணக்கான கோடுகள் சேர்ந்தால், அவை எங்கே அடர்ந்து வெட்டிக்கொள்கின்றனவோ அங்கே கட்டி. ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போகும். எந்தக் கதிர் முந்தி வந்தது என்பதை 200 பிக்கோ நொடி, அதாவது 0.2 நானோ நொடித் துல்லியத்தில் அளந்தால், அந்தக் கோட்டிலும் எந்த 3 சென்டிமீட்டருக்குள் என்று குறுக்கிவிடலாம். இன்றைய நல்ல கருவிகள் இதைச் செய்கின்றன. நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

பாசிட்ரானை விட்டதும் ஃபுளூரின்-18 என்னவாகிறது? ஆக்சிஜன்-18 ஆகிறது. கதிரியக்கமற்ற, சற்றே கனமான ஆக்சிஜன். அது சுற்றியுள்ள நீரிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடித்துக்கொள்கிறது. இப்போது இரண்டாவது கார்பனில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் திரும்ப வந்துவிட்டன. பாஸ்பேட் மாட்டிய சாதாரண குளூக்கோஸ்! திணறி நின்ற நொதி இப்போது வேலையைத் தொடர்கிறது, மூலக்கூறு செரித்துப்போகிறது. இத்தனைக்கும் அந்த ஃபுளூரின்-18ஐத் தயாரிப்பதே, துகள்களை வேகமூட்டும் சைக்ளோட்ரான் கருவியில் ஆக்சிஜன்-18 கொண்ட நீரின்மேல் புரோட்டான்களை மோதவிட்டுத்தான். தொடங்கிய ஆக்சிஜனிலேயே போய் முடிகிறது.

இப்போது வாசகரின் கேள்விக்கு வருவோம். சாப்பிட்டிருந்தால் இன்சுலின் சுரக்கும். இன்சுலின் சுரந்தால் தசைகள் குளூக்கோஸை உறிஞ்சும், எஃப்.டி.ஜி. கட்டிக்குப் போகாமல் தொடையிலும் முதுகிலும் போய்ச் சேரும். பட்டினி அதனால். இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் அது எஃப்.டி.ஜி.யோடு போட்டியிடும். ஆகவே ஏறக்குறைய 200க்கு மேல் இருந்தால் பல இடங்களில் இன்னொரு நாள் வரச் சொல்லிவிடுவார்கள். பேசினால் குரல்வளைத் தசைகள் ஒளிரும், மென்றால் தாடைத் தசைகள் ஒளிரும். குளிரெடுத்தால் கழுத்திலும் காறை எலும்புக்கு மேலும் உள்ள பழுப்புக் கொழுப்பு சூடு உண்டாக்கச் சர்க்கரையை எரிக்கும். நிணநீர்க் கணுக்களைத் தேடும் இடமும் அதுவே என்பதால் படத்தைப் படிப்பவர் குழம்புவார். கம்பளி அதற்குத்தான். கட்டியில் மருந்து சேரவும், இரத்தத்தில் மிஞ்சியது சிறுநீரில் இறங்கவும் ஒரு மணி நேரம் வேண்டும்.

பேத்தி விஷயம்: ஃபுளூரின்-18இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் நேரம், 110 நிமிடம். அன்றைய மீதிப் பொழுதுக்குக் கைக்குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் தள்ளியிருந்து, நிறையத் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்தால் போதும். 24 மணி நேரத்தில் எட்டாயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. மறுநாள் தாராளமாகத் தூக்கிக் கொஞ்சலாம். வழக்கமான அளவு எஃப்.டி.ஜி.யால் நோயாளிக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு ஏறத்தாழ 7 மில்லிசீவர்ட், பெட்டோடு சேர்த்து எடுக்கும் சி.டி.யின் பங்கு தனி. இயற்கையிலிருந்து நாம் பெறுவது உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4.

படத்தில் ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் என்று எண்ணிப் பயந்துவிட வேண்டாம். மூளை எப்போதும் ஒளிரும். சிறுநீர்ப்பை ஒளிரும். கிருமியோடு போராடும் வெள்ளணுக்களும் குளூக்கோஸைக் கொட்டித் தின்பவைதான், எனவே காசநோய்க் கணுவும் பளீரென்று ஒளிரும். காசநோய் இவ்வளவு பரவியுள்ள நம் நாட்டில் இது சின்ன விஷயமில்லை. சந்தேகம் வந்தால் ஊசியால் துளிச் சதை எடுத்து பயாப்ஸி பார்த்தே ஆக வேண்டும். "கத்தி பட்டால் பரவிடும்" என்ற பேச்சை நம்பி அதைத் தள்ளிப்போட்டு, குணமாகக்கூடிய நிலையைக் கடந்து வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊசி எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை மருத்துவர்கள் முன்கூட்டியே திட்டமிட்டுத்தான் செய்கிறார்கள். அதனால் பரவுவது மிக அரிது, தாமதத்தால் பரவுவது அன்றாடம் நடப்பது.

இன்னொரு பேச்சும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. புற்றுநோய் சர்க்கரையைத் தின்கிறது, ஆகவே சோற்றையும் இனிப்பையும் நிறுத்தினால் கட்டி பட்டினியால் செத்துவிடுமாம். நீங்கள் ஒரு பருக்கையும் சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் உடம்பின் புரதத்தைக் கரைத்துக் குளூக்கோஸ் தயாரிக்கும், இரத்தத்தில் அளவைக் குறையவிடாது. கட்டிக்கு அதன் பங்கு போய்க்கொண்டே இருக்கும், கரைவது நோயாளியின் தசை. கீமோதெரபியைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டும். தயவுசெய்து அவர்களைச் சாப்பிட விடுங்கள்.

சிகிச்சையிலும் இந்தப் படம் கூடவே வருகிறது. நுரையீரலில் கட்டி ஒன்று மூச்சுக்குழாயை அடைத்தால் அதற்கப்பால் உள்ள நுரையீரல் சுருங்கிவிடும். சி.டி.யில் கட்டியும் சுருங்கிய பகுதியும் ஒரே சாம்பல் நிறம். பெட் படத்தை அதன்மேல் பொருத்தினால் கட்டி மட்டும் ஒளிரும், கதிர்வீச்சுச் சிகிச்சைக்கான எல்லையை அதற்கேற்ப இறுக்கி வரையலாம். ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் இரண்டு சுற்று கீமோ முடிந்ததும் பெட் எடுப்பார்கள். ஒளி அணைந்திருந்தால், நுரையீரலைப் பாதிக்கக்கூடிய பிளியோமைசின் மருந்தை மீதிச் சுற்றுகளில் விட்டுவிடலாம் என்று 2016இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது.

இந்தியாவின் முதல் மருத்துவச் சைக்ளோட்ரானும் பெட் கருவியும் 2002இல் மும்பை பரேலில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிர்வீச்சு மருத்துவ மையத்தில் இயங்கத் தொடங்கின. கொல்கத்தாவில் 2018இல் சைக்ளோன்-30 என்ற சைக்ளோட்ரான் வந்தது. இரண்டும் அரசுப் பணத்தில் வந்தவை. 110 நிமிட அரை ஆயுள் கொண்ட மருந்தை நான்கு மணி நேரம் வேனில் கொண்டுபோனால் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மிஞ்சும். ஆகவே சைக்ளோட்ரான் எங்கே இருக்கிறது என்பதே எந்த மாவட்டத்து ஏழைக்கு இந்தப் பரிசோதனை எளிதில் எட்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. இலாபம் வருமா என்று பார்த்து மட்டும் இவற்றை அமைத்தால் பெரிய நகரங்களைத் தாண்டாது. அரசு இதில் இன்னும் தாராளமாகச் செலவிட வேண்டும் என்பது என் கருத்து.

எஃப்.டி.ஜி.க்குப் பிடிபடாத கட்டிகளும் உண்டு. புரோஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் சர்க்கரைக்கு அலைவதில்லை. ஆனால் அதன் செல்களின் மேற்பரப்பில் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதம் அளவுக்கு அதிகமாக இருக்கும். அதைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் சிறிய மூலக்கூறில் கதிரியக்கக் காலியம்-68ஐ மாட்டினால் பெட் படம் கிடைக்கும். அதே இடத்தில் ஒட்டும் மூலக்கூறில் இன்னொரு கதிரியக்கத் தனிமமான லுட்டீசியம்-177ஐ மாட்டினால் அதுவே சிகிச்சை. லுட்டீசியம் வெளியிடும் பீட்டா துகள்கள் திசுவில் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குள் நின்றுவிடுவதால், ஒட்டிய செல்லையும் அதன் பக்கத்துச் செல்களையும் தாண்டி அதிகம் போவதில்லை. அமெரிக்காவில் 2022இல் இதற்கு அனுமதி கிடைத்தது. ஆறு வாரத்துக்கு ஒன்றாக ஆறு சுற்றுகள் வரை கொடுக்கிறார்கள். இந்தியாவுக்கான லுட்டீசியத்தை டிராம்பேயில் உள்ள துருவா அணு உலையிலேயே தயாரிக்கிறார்கள். லுட்டீசியம் கொஞ்சம் காமாக் கதிரையும் சேர்த்து விடும். எனவே மருந்து கொடுத்தபின் காமா கேமராவின் கீழ் நோயாளியைப் படுக்க வைத்தால், அந்த மருந்து எந்தெந்தக் கட்டியில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது, சிறுநீரகத்துக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் எவ்வளவு போனது என்று பார்த்துவிட்டு அடுத்த சுற்றைத் திட்டமிடலாம்.